தாமிரபரணித் தண்ணீருக்கு ஆர்.ஓ. எதற்கு? பாளையங்கோட்டைத் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வியைப் பார்க்காதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. தம்பி பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றானதும் பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீட்டுக்குக் குடும்பத்தோடு வந்துவிட்டார். பைப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. கொல்லையில் போர் இருக்கிறது, அது உப்பு. பைப் தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடிக்கிறது, குடித்தால் புற்றுநோய் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அப்பாவோ, "ஏல, தாமிரபரணித் தண்ணிக்கு எதுக்குல மெஷினு? அல்வாவே அந்தத் தண்ணியிலதான கிண்டுதாவ" என்கிறார். இதற்கு நடுவில் ஆர்.ஓ. என்கிற தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை விற்க வந்த ஒரு பையன் பைப் தண்ணீரில் ஒரு டம்ளர், தன் மெஷின் தண்ணீரில் ஒரு டம்ளர் வைத்து, இரண்டிலும் கம்பிகளை விட்டுக் கரண்டைப் போட்டுக் காட்டியிருக்கிறான். பைப் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் சாக்கடை நிறத்துக்குப் போய்விட்டது, மெஷின் தண்ணீர் அப்படியே இருந்தது. "அண்ணாச்சி, இதைத்தான் இத்தனை நாள் குடித்தோமா?" என்று தம்பி கேட்கிறார்.

இல்லை தம்பி, இதைக் குடிக்கவில்லை. அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை, கம்பியில் இருந்தது. கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் கரண்ட் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகி நுரைத்துக்கொண்டு மேலே வரும். மெஷின் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, கரண்ட் பாயாது, கம்பியும் கரையாது. அவன் திரும்ப வந்தால் அந்தச் சுத்தமான டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் கறுத்துவிடும். நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தண்ணீர் சோதிக்கிற வேலையில் இருந்தவன். இந்த வித்தையைப் பார்த்துவிட்டு இருந்த பணத்தைக் கொட்டி மெஷின் வாங்கிய வீடுகளை எண்ணி மாளாது.

ஆனால் அப்பா சொல்வதையும் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டுக்கு வரும் இரண்டு தண்ணீருக்கும் இரண்டு விதமான நோய். ஆற்றுத் தண்ணீருக்கு உப்பு நோய் கிடையாது, அதற்கு வரக்கூடியது கிருமி. போர் தண்ணீருக்குக் கிருமி குறைவாக இருக்கலாம், அதன் தொந்தரவு கரைந்திருக்கும் சரக்கு. ஆர்.ஓ. என்பது உப்பை எடுக்கக் கண்டுபிடித்த மெஷின். நீங்களோ தொந்தரவு தருகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீருக்கு அதை மாட்டலாமா என்று கேட்கிறீர்கள். காய்ச்சலுக்கு வந்தவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அப்பா காலத்துக் கதையிலிருந்து வருகிறேன், அதில் விஷயம் இருக்கிறது. கோடையில் ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகச் சுருங்கிவிடும். என் ஆச்சி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனால் ஓடுகிற தண்ணீரைத் தொடவே மாட்டாள். கரைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் மணலில் உட்கார்ந்து கையால் ஒரு முழம் பறிப்பாள். முதலில் கலங்கலாக ஊறும். சிரட்டையால் அதை இறைத்து வெளியே கொட்டுவாள். மறுபடி ஊறும், மறுபடி கொட்டுவாள். மூன்றாவது நான்காவது முறை அடியில் கிடக்கிற மணல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குத் தெளிந்து நிற்கும். அப்போதுதான் சிரட்டையால் அலுங்காமல் மொண்டு குடத்தில் துணி கட்டி ஊற்றுவாள். அருகிலேயே மாடு குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள், அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

கவலைப்படாததற்குக் காரணம் இருந்தது, அது அவளுக்குத் தெரியாவிட்டாலும். 1892இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். பக்கத்திலேயே ஒட்டினாற்போல் அல்டோனா என்று இன்னொரு ஊர், அங்கே காலரா லேசாகத் தொட்டுவிட்டுப் போனது. இரண்டு ஊருக்கும் ஒரே எல்பே ஆறுதான். வேடிக்கை என்னவென்றால் அல்டோனா இருந்தது கீழ்ப்பக்கம், அதாவது ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வருகிற தண்ணீரைத்தான் அது எடுத்தது. ஆனால் அதை மணலில் மெதுவாக வடிய விட்டு எடுத்தது. ஹாம்பர்க் மேல்பக்கத்துத் தண்ணீரை மணல் வடிகட்டி எதுவும் இல்லாமல் அப்படியே விட்டது. இரண்டு ஊரின் எல்லை போகிற தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் காலரா, எதிர்ப்பக்கத்தில் இல்லை. ஜெர்மன் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக் இதை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் தண்ணீரில் கிருமி வரும் என்பதையே நம்பாத பெரிய மருத்துவர்கள் பலர் வாயை மூடினார்கள்.

மணல் சல்லடை மாதிரி வேலை செய்கிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். கிருமி மணலுக்கு இடையில் இருக்கும் இடைவெளியைவிட எவ்வளவோ சிறியது, சல்லடைக் கணக்குப்படி பார்த்தால் சுகமாக நுழைந்து போய்விடும். மணலின் மேல்பரப்பில் சில நாட்களில் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து ஒரு வழுவழுப்பான படலம் உண்டாகும். அந்தப் படலம்தான் உண்மையான வடிகட்டி. கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும், அங்கே குடியிருக்கிற மற்ற உயிர்கள் அதைத் தின்றுவிடும். இதற்குத் தண்ணீர் மெதுவாக இறங்க வேண்டும், மணிக்குப் பத்து இருபது சென்டிமீட்டர், அதற்கு மேல் ஓட்டினால் படலத்தால் தாங்க முடியாது. லண்டனில் செல்சியில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1829இலேயே இப்படி மணல் படுகை கட்டினார், அப்போது கிருமி என்கிற பேச்சே கிடையாது, கலங்கல் போனால் சரி என்று கட்டியது. ரைன் ஆற்றங்கரையில் டுசல்டார்ஃப் நகரம் 1870 முதல் ஆற்றில் நேராகக் குழாயை விடாமல் கரையில் கிணறு வெட்டி, கரை மண்ணில் வடிந்து வருகிற தண்ணீரைத்தான் எடுக்கிறது. ஆச்சி சிரட்டையில் செய்ததைத்தான் அவர்கள் பம்பு வைத்துச் செய்கிறார்கள்.

நம்ம ஊரிலும் அதேதான். கொண்டாநகரம், சுத்தமல்லி, குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றுக்குள் வட்டமாகக் கிணறு கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்று ஓட்டத்திலிருந்து நேராக மொள்ளாமல் மணலுக்கு அடியில் ஊறி வருவதை எடுக்கத்தான் அந்த ஏற்பாடு. அதனால் மணல் என்பது வீடு கட்டுகிற சாமான் மட்டும் இல்லை, நமக்கு அதுவே முதல் சுத்திகரிப்பு நிலையம். மணலை வாரிய இடத்தில் கிணற்றுக்கு மேலே வடிகட்டி இல்லை, அல்லது மெல்லிசாக இருக்கிறது. அதோடு நகருக்குள் ஆற்றில் சாக்கடை கலப்பது ஊரறிந்த சங்கதி, மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரைக்கும் போன விவகாரம். ஆச்சி குடித்த ஆறு வேறு, நீங்கள் குடிக்கிற ஆறு வேறு என்று அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். பாபநாசத்தில் தலையணை என்கிற தடுப்பணையைத் தாண்டி வருகிற தண்ணீரும் வண்ணார்பேட்டைப் பாலத்துக்குக் கீழே போகிற தண்ணீரும் பேரளவில்தான் ஒன்று.

மணலும் எல்லாவற்றையும் பிடிக்காது. 1955இல் டெல்லியில் யமுனையில் வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றின் போக்கு மாறி, நஜஃப்கர் சாக்கடை பின்னோக்கிப் போய் வசீராபாத்தில் குடிநீர் எடுக்கிற இடத்தில் கலந்துவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் நிலைமையைப் பார்த்துக் குளோரினைக் கூட்டினார்கள். அதனால் டைபாய்டு, சீதபேதி எல்லாம் பெருகவில்லை. ஆனால் டிசம்பரும் அடுத்த ஜனவரியுமாகச் சேர்த்து முப்பதாயிரம் பேர் அளவுக்கு மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். பாக்டீரியா செத்த அளவு குளோரினில் வைரஸ் சாகவில்லை, கலங்கலுக்குள் ஒளிந்து தப்பித்துவிட்டது. எத்தனையோ வருடம் கழித்துத்தான் அது ஹெபடைடிஸ் ஈ என்று தெரிந்தது. இன்றைக்கும் தண்ணீர்த் துறையில் யாராவது "குளோரின் கூட்டிப் போட்டால் போச்சு" என்றால் நான் இதைத்தான் சொல்வேன். முதலில் கலங்கலை எடு, அப்புறம் குளோரினைப் போடு. வரிசை மாறக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்து, ஆற்றுக்குள் இருந்த குடிநீர்க் கிணறும் மோட்டாரும் மூழ்கிக் கிடந்தபோது எனக்கு ஞாபகம் வந்ததும் அந்த டெல்லிக் கதைதான். தெருவில் யார் கேட்டாலும் ஒரே பதில்: மறு பேச்சில்லாமல் காய்ச்சிக் குடியுங்கள்.

ஆற்றில் எடுக்கிற இடத்தைவிடப் பெரிய ஓட்டை உங்கள் தெருவில் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது என்றால் மீதி நேரமெல்லாம் பைப் காலியாகக் கிடக்கிறது. காலிப் பைப்பில் அழுத்தம் இல்லை. பைப் எங்கே விரிசல் விட்டிருக்கிறதோ அங்கே வெளியில் இருக்கிற ஈரம் உள்ளே வரும், பக்கத்தில் ஓடுவது சாக்கடை என்றால் சாக்கடை வரும். ஒவ்வொரு வீட்டிலும் பைப்போடு நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்களே, அது இதை இன்னும் மோசமாக்குகிறது. மோட்டார் தண்ணீரை மட்டும் இழுக்காது, சந்து கிடைத்தால் எதையும் இழுக்கும். ஹூப்ளி-தார்வாடில் ஒரே ஊரில் சில வார்டுகளில் 24 மணி நேரமும், மற்ற வார்டுகளில் சில நாட்களுக்கு ஒருமுறையும் தண்ணீர் விட்டார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். விட்டுவிட்டு வருகிற பைப்பில் மலக்கிருமி தெளிவாக அதிகம், அதிலும் தண்ணீர் வர ஆரம்பித்தவுடன் வருகிற முதல் தண்ணீர்தான் மோசம். எனவே தண்ணீர் வந்த உடனே சம்புக்குத் திறந்து விடாதீர்கள். முதல் ஐந்து பத்து நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கும் கழிவறைக்கும் ஊற்றுங்கள். ஒரு பைசா செலவில்லாத சுத்திகரிப்பு இது.

இப்போது அந்தப் பிளீச்சிங் வாடைக்கு வருவோம். லேசாக வாடை அடித்தால் நான் சந்தோஷப்படுவேன். தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரக்கணக்கு. மிச்சம் இருக்கிறது என்றால் வழியில் ஏதாவது கலந்திருந்தாலும் அதைக் கொன்றுவிட்டு இன்னும் கையில் கொஞ்சம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் திடீரென்று வாடையே இல்லாமல் வந்தால்தான் யோசிக்க வேண்டும். 1908இல் அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் ஜான் லீல் என்கிற மருத்துவர் யாரிடமும் கேட்காமல் ஊர்த் தண்ணீரில் இதே பிளீச்சிங் பவுடரைக் கலந்துவிட்டார், வழக்கு நடந்தது, கடைசியில் அவர் செய்தது சரி என்று தீர்ப்பு வந்தது. டைபாய்டு சாவு குறையக் குறைய மற்ற ஊர்களும் பின்னாலேயே வந்தன.

புற்றுநோய் பயம் சும்மா கிளம்பியதும் இல்லை. ரோட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த யோஹானஸ் ரூக் 1974இல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்: இலை தழை மக்கிய சாறு இருக்கிற தண்ணீரில் குளோரினைப் போட்டால் இரண்டும் சேர்ந்து குளோரோஃபார்ம் மாதிரியான சரக்குகள் உண்டாகின்றன. டிரைஹாலோமீத்தேன் என்று பெயர். அமெரிக்கா 1979இல் அதற்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று எல்லை போட்டது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பல பத்து வருடம் தொடர்ந்து நிறையக் குடித்தால் ஆபத்து கொஞ்சம் கூடுமா என்று பார்க்கிற சமாசாரம் அது. குளோரின் இல்லாத தண்ணீரோ இந்த வாரமே பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். உலக சுகாதார நிறுவனமும் இந்தச் சரக்குக்குப் பயந்து கிருமி கொல்வதில் கை வைக்காதே என்றுதான் சொல்கிறது. சரி, உங்கள் வீட்டில் மனசு கேட்கவில்லை என்றால் மூடியைத் திறந்து வைத்துக் காய்ச்சினால் போதும், வாடையும் போகும், அந்தச் சரக்கில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிக்கு அது போதும், இருபது நிமிடம் கொதிக்க வைத்து கேஸைத் தீர்க்க வேண்டாம்.

காய்ச்சின தண்ணீரை எப்படி வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வீடுகள் கோட்டை விடுகின்றன. காய்ச்சி ஆற வைத்து அகலமான பாத்திரத்தில் ஊற்றி, டம்ளரை விரலோடு முக்கி எடுத்தால் காய்ச்சினதே வீண். மண்பானையோ எவர்சில்வரோ, குழாய் வைத்ததாக வாங்குங்கள், இல்லாவிட்டால் நீளக் காம்பு வைத்த அகப்பையை ஆணியில் மாட்டி வையுங்கள். செம்புக் குடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெங்களூரில் 2012இல் செய்த ஆய்வில் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குப் பாக்டீரியாக்கள் செத்துப்போனது உண்மைதான். ராத்திரி ஊற்றிக் காலையில் எழுந்ததும் எடுத்தால் 16 மணி நேரம் ஆகாது என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பார்த்தது பாக்டீரியா, காமாலை வைரஸை இல்லை. தேத்தாங்கொட்டையும் முருங்கை விதையும் இன்னொரு விதம். இரண்டும் கலங்கலை உறைய வைத்து அடியில் உட்கார வைக்கும், படிகாரம் செய்கிற அதே வேலை. கலங்கலோடு கிருமியும் கொஞ்சம் இறங்கும், ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் இல்லை.

உங்கள் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம், அதைச் சொல்கிறேன். குவாலியரில் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக் கூடத்தில் மஞ்சா என்பவரும் கூட வேலை பார்த்தவர்களும் 1982இல் ஒரு சின்ன பாட்டில் சோதனையை வெளியிட்டார்கள். ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் என்று கேட்டால் கிடைக்கும். உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். கோடு வரை தண்ணீரை ஊற்றி மூடி, ஒரு மூலையில் வைத்துவிட வேண்டியதுதான், ஆய்வகத்தில் இதற்குச் சூடு பெட்டி வேண்டும், நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை. மலத்தில் வாழ்கிற பாக்டீரியா இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும். ஒருமுறை ஒரு விடுதியில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று போனேன். எல்லாரும் தொட்டியைச் சந்தேகப்பட்டார்கள். தொட்டித் தண்ணீரில் ஒரு பாட்டில், குழாயில் ஒன்று, கேன் தண்ணீரில் ஒன்று, மூன்றையும் அலமாரி மேலே வரிசையாக வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் தொட்டியும் குழாயும் தெளிவாக நிற்கின்றன, கேன் தண்ணீர் ஊற்றின பாட்டில் மட்டும் காப்பி டிகாஷன் மாதிரி. காசு கொடுத்து வாங்கினதாயிற்றே என்று விடுதிக்காரர் கடைசிவரை நம்பவில்லை, பாட்டில் மாறியிருக்கும் என்றார். கேனுக்குள் போகும் தண்ணீர் நன்றாகவே இருக்கலாம், ஆனால் அந்தக் கேன் எத்தனை வீடு சுற்றி வந்தது, உள்ளே யார் எதை வைத்துக் கழுவினார்கள் என்பதை நீங்கள் பார்க்கவா போகிறீர்கள்? கேன் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் அதுதான்.

இனி போர். அதை மட்டும் பார்க்காமல் குடிக்காதீர்கள். டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தீர்ப்பு சொல்கிறார்கள், அது கரைந்திருக்கும் உப்பு மொத்தமாக எவ்வளவு என்பதை மின்சாரம் பாய்வதை வைத்து ஊகித்துச் சொல்கிற கருவி, அவ்வளவுதான். 500 வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக்கணக்கு. எந்த உப்பு என்று அது சொல்லாது, கிருமியும் அதற்குத் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது ஃப்ளூரைடும் நைட்ரேட்டும். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1.5க்கு மேல் கூடாது. அது பாறையிலிருந்து வருவது. வாயில் வைத்தால் தெரியாது, காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது: சுண்ணாம்பு நிறைய இருக்கிற சவர்த் தண்ணீரில் ஃப்ளூரைடு பெரும்பாலும் கட்டுப்பட்டு நிற்கும், சுண்ணாம்பு குறைந்து வாய்க்கு இதமாக இருக்கிற போரில்தான் கூடுதலாகக் கரைந்து கிடக்கலாம். "எங்க போர் தண்ணி ஆத்துத் தண்ணி மாதிரி இருக்கும்" என்று பெருமைப்படுகிறவர்களிடம்தான் நான் முதலில் மாதிரி கேட்பேன்.

இந்தியாவில் ஃப்ளூரைடு நோயை முதலில் பதிவு செய்தது 1937இல், அப்போதைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கம். எலும்பு இறுகி, முதுகு வளைந்து, நடுத்தர வயதிலேயே கம்பு ஊன்றி நடந்தவர்கள். நாக்பூரில் இருக்கும் நீரி என்கிற ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வகம் படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து ஃப்ளூரைடைக் குறைக்கிற ஒரு முறையைக் கொண்டுவந்தது, நல்கொண்டா முறை என்று பெயர். வாளியிலேயே செய்யலாம், ஆனால் படிகாரம் நிறையப் போட வேண்டும், தினமும் அளந்து போட வேண்டும், அடியில் சேறு மண்டும். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் யாரும் பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் கொண்டுபோனார்களே, பெரிய மருந்து அதுதான்: கெட்ட தண்ணீரைச் சுத்தம் பண்ணுவதைவிட நல்ல தண்ணீரைக் கொண்டுவருவது பல இடங்களில் மலிவு.

நைட்ரேட் மனிதன் போடுவது. செப்டிக் டேங்கும் உரமும். எல்லை 45 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். உங்கள் போரிலிருந்து செப்டிக் டேங்க் எத்தனை அடி என்று அப்பாவிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டு டேங்கையும் சேர்த்து. வீட்டில் பால்பவுடர் கரைக்கிற வயதில் பிள்ளை இருந்தால் அந்த ரிப்போர்ட் வரும்வரை போர் தண்ணீர் பக்கமே போக வேண்டாம்.

ஆர்.ஓ.வை நான் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1960ஐ ஒட்டி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் ஸ்ரீநிவாச சௌரிராஜனும் சேர்ந்து அந்த மெஷினுக்குள் உப்பைத் தடுத்து நிறுத்துகிற சவ்வைச் செய்யாவிட்டால் பல கடற்கரை ஊர்களுக்கு இன்றைக்குக் குடிதண்ணீர் கிடையாது. ராதாபுரம் தாலுகாவில் கடற்கரையை ஒட்டி இருக்கிற உறவுக்காரர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருக்கும், அங்கே கிணற்றில் கடல் ஏறியிருந்தால் ஆர்.ஓ.வைத் தவிர வீட்டில் எதுவும் செய்ய முடியாது. ஆனால் வீட்டு மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர ஏறக்குறைய மூன்று லிட்டரைக் கீழே விடுகிறது. உப்பு குறைந்த ஆற்றுத் தண்ணீரை அதில் விட்டு முக்கால்வாசியைச் சாக்கடையில் ஊற்றினால் அப்பா திட்டுவதில் தப்பே இல்லை. டி.டி.எஸ். 500க்குக் கீழே இருக்கிற இடங்களில் இதைத் தடை செய்ய வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் ஒன்றிய அரசிடம் சொன்னது.

உங்கள் வீட்டில் நான் இருந்தால் செய்வது இது. ஆற்றுத் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனிச் சம்பு, குறுக்கே எந்த வால்வும் இருக்கக் கூடாது. ஆற்றுச் சம்பை நான்கு மாதத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பும்போது ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் புதுப் பிளீச்சிங் பவுடர், தலை தட்டிய ஒரு டீஸ்பூன் அளவு. அதை ஒரு மக் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் உட்கார்ந்த பிறகு தெளிவை மட்டும் ஊற்றி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். பொட்டலம் பிரித்து ஆறு மாதம் கிடந்த பவுடரை நம்பாதீர்கள், அதன் வீரியம் காற்றோடு போயிருக்கும். சமையலறையில் மெஷின் வேண்டும் என்றே வீட்டில் ஆசைப்பட்டால், கலங்கல் வடிகட்டி, கரி, அதற்கப்புறம் யு.எஃப். என்கிற கிருமி தடுக்கும் சவ்வு அல்லது யு.வி. என்கிற புற ஊதா விளக்கு இருக்கிற சாதா மெஷின் போதும். கரி குளோரினை எடுத்துவிடும் என்பதால் அதில் வந்த தண்ணீரை இரண்டு மூன்று நாள் பிடித்து வைக்காதீர்கள், ஊருக்குப் போய் வந்தால் முதல் சில லிட்டரைக் கீழே விட்டுவிடுங்கள்.

போர் தண்ணீரை மட்டும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். சுத்தமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடித்து, அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். கிருமிக்கும் பார்க்க வேண்டுமானால் அந்தக் கேன் ஆகாது, அங்கேயே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஐஸ் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் ஃப்ளூரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, இந்த மூன்று எண்ணையும் போர் எத்தனை அடி என்பதையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள். அந்தப் பையனுக்கு அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.